ஆற்றோரத்தில் ஓர் அறை

வெளியூரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களுக்கு ஜொகூர் என்றால் ஜொகூர் பாருதான். பாலம் தாண்டினால் சிங்கப்பூர், இந்தப் பக்கம் கடைத்தெரு, நள்ளிரவிலும் சூடாகத் தோசை. காரைக்குடியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த என் அத்தை மகனும் அதே எண்ணத்தில்தான் இருந்தார்.

"இங்கயே ஓட்டல் போட்டுருவோம் மச்சான். கண்ணாடிக் கோயில் பாக்கணும், கொஞ்சம் சாமான் வாங்கணும், வேற என்ன இருக்கு?"

கண்ணாடிக் கோயிலை ஒரே காலையில் பார்த்துவிடலாம். ரயில் பாதைக்குப் பக்கத்தில் 1922இல் சின்னக் கொட்டகையாகத் தொடங்கிய ராஜகாளியம்மன் கோயில், இன்று சுவரும் தூணும் விதானமுமாகக் கண்ணாடித் துண்டுகள் பதித்து மினுங்குகிறது. சாமி கும்பிட்டுப் பசியாறி முடித்தால் மணி பத்து. அதற்கு மேல் ஜொகூரைப் பார்க்க வேண்டுமென்றால் ஊரைவிட்டு வெளியே, ஆறுகளின் பக்கம் போக வேண்டும்.

எண்டாவ், மூவார், ஜொகூர், செடிலி, பூலாய். இந்த மாநிலம் ஆறுகளைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் சீனர்கள் இங்கே மிளகும் கம்பிரும் பயிரிட வந்தபோது, ஆட்சியாளர்கள் அவர்களுக்கு ஏக்கர் கணக்கில் நிலம் அளந்து கொடுக்கவில்லை, ஆற்றைக் கொடுத்தார்கள். 'சூராட் சுங்கை' என்ற பத்திரத்தை வாங்கிய தலைவர் அந்த ஆற்றங்கரையில் காடு திருத்திக் குடியேற்றலாம். பிறகு ரப்பர் வந்தது, ரப்பரோடு நம் ஆட்கள் வந்தார்கள். ஆகவே ஜொகூரில் தங்குவதென்றால் ஆற்றோரம் தங்க வேண்டும் என்பது என் கட்சி. எந்தக் கரை, எவ்வளவு மேடு, எந்த மாதம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்த யோசனையை எனக்குள் கூர்மையாக்கியது மொராக்கோ. நான் போனதில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் போய் வந்தாள். அட்லஸ் மலைக்குத் தெற்கே த்ரா என்றொரு பள்ளத்தாக்கு. சுற்றிலும் காய்ந்த பாறை. ஆறு போகும் தடமெங்கும் பேரீச்சந்தோப்பு. அங்கே எங்கே தங்குவது என்று புறப்படுவதற்கு முன் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். தோப்புக்குள் புதிதாகக் கட்டிய நீச்சல்குள விடுதியா, தோப்பின் விளிம்பில் பழைய மண்கோட்டை வீடா, நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டலா? போய்ப் பார்த்த பிறகு தொலைபேசியில் சொன்னாள்:

"சித்தப்பா, அங்க பழைய வீடு ஒண்ணுகூட தோப்புக்குள்ள இல்ல. எல்லாம் வெளிய, மேட்டுல. தோப்புக்குள்ள கட்டியிருக்கிறது எல்லாம் டூரிஸ்டுக்காகக் கட்டுனது."

காரணம் நமக்குப் புரியாததல்ல. தண்ணீர் பாய்கிற மண் பயிருக்கு. அதில் சுவர் எழுப்பினால் சோற்றில் கை வைப்பதாகும். வெள்ளம் வந்தால் மண் சுவர் கரைந்தும் போகும். வழியில் அவள் பார்த்த அய்த் பென் ஹத்து, 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற மண் ஊர், ஆற்றைக் கீழே விட்டுவிட்டுக் குன்றின் சரிவில்தான் ஏறி நிற்கிறது. நம் ஊர்களிலும் நத்தம் மேட்டில், நஞ்சை பள்ளத்தில். தண்ணீர் குறைந்த ஊரிலும் இதே கணக்கு, தண்ணீர் மிகுந்த ஊரிலும் இதே கணக்கு. ஊர்க்காரர்கள் எங்கே வீடு கட்டியிருக்கிறார்களோ அங்கே தங்கு என்பதை அன்றிலிருந்து ஒரு விதியாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தை மகன் குடும்பத்தை எண்டாவ் ஆற்றின் மேல்பகுதிக்கு, எண்டாவ் ரொம்பின் காட்டுக்குக் கூட்டிப் போவது என்று முடிவாயிற்று. அம்மாவும் வருகிறேன் என்றார். முதல் இரவுக்குக் குளுவாங். இந்த ஊரைப் பலரும் கடந்துதான் போவார்கள், தங்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் ஜொகூரின் உள்நாட்டுக்குள் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல தளம் கிடையாது. அறை வாடகை ஜொகூர் பாருவைவிடக் குறைவு, சைவச் சாப்பாட்டுக்குக் கடை உண்டு, காலையில் காப்பிக்கு அலைய வேண்டாம். ரயில் நிலையத்துக் கடையாக 1938இல் தொடங்கிய 'குளுவாங் ரயில் காப்பி'யில் கரி அடுப்பில் வாட்டிய ரொட்டியும் காயாவும் வாங்கிக் கொடுத்தேன். அத்தை மகன் நம்ம ஊர் டிகாஷனுக்குக் கிட்டே வராது என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது கோப்பையும் குடித்தார்.

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகிற சாலையில் காஹாங். அங்கே நம் காரை விட்டுவிட்டு ஃபோர் வீல் வண்டியில் ஏற வேண்டும். அங்கிருந்து ஜாக்குன் பழங்குடி மக்களின் கிராமமான கம்போங் பேத்தாவுக்கு 56 கிலோமீட்டர், பெரும்பகுதி செம்மண் தடம். முதலில் செம்பனை, பிறகும் செம்பனை, அப்புறம்தான் காடு. அம்மா இந்த வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவர். அந்தத் தோட்டம் இப்போது செம்பனை வரிசைகளுக்குள் எங்கோ இருக்கிறது. வண்டி ஒரு சின்னப் பாலத்தைக் கடந்தபோது அவர் சொன்னார்: "எங்க லயம் எல்லாம் மேட்டுலதான் இருந்துச்சு. பால் ஸ்டோரும் ஆலையும் மட்டும் தண்ணி ஓரமா." ரப்பர் பாலை உறையவைத்துத் தாளாக்கக் குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும், அதனால் ஆலை ஆற்றோரம். ஆட்கள் தூங்கும் இடம் மேட்டில். தோட்டத்து வெள்ளைக்கார துரைக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருந்தது, அவருடைய பங்களாவோ இன்னும் உயரத்தில்!

எண்டாவ் ரொம்பின் இன்றைக்குக் காடாக இருப்பதே ஒரு போராட்டத்தால்தான். 1977இல் பகாங் பக்கத்தில் மரம் வெட்ட அனுமதி கொடுத்தபோது நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. 1985, 86இல் மலாயா இயற்கைச் சங்கம் ஆய்வாளர்களை அழைத்துப்போய்க் காட்டைக் கணக்கெடுத்தது. அந்தப் பயணத்துக்குப் பின்னர் இந்த இடத்தின் பெயர் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. 1993இல் ஜொகூர் பக்கத்தில் ஏறக்குறைய 49,000 ஹெக்டேர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பேத்தாவில் தங்குவதற்கு இரண்டு வழி. பூங்கா நுழைவாயில் பக்கம் மேட்டில் உள்ள அறைகளில் தங்கலாம். இல்லையென்றால் ஆற்றில் மேலே போய், ஜாசின் ஆறு எண்டாவில் வந்து சேரும் கோலா ஜாசினில் முகாம் போடலாம். படத்தில் பார்த்தால் கோலா ஜாசின்தான் மனத்தை இழுக்கும். வெள்ளை மணல், தெளிந்த தேநீர் நிறத்துத் தண்ணீர், எதிர்க்கரையில் மரச்சுவர். மச்சான் அங்கேதான் தங்க வேண்டும் என்று நின்றார். எங்களுடன் வந்த ஜாக்குன் வழிகாட்டி இளைஞர் ஒன்றும் சொல்லவில்லை. கரையில் நின்ற மரத்தை நிமிர்ந்து பார்க்கச் சொன்னார். எங்கள் தலைக்கு மேல், கை நீட்டினாலும் எட்டாத கிளையில், சருகும் நார்களும் குச்சிகளும் ஒரு பறவைக் கூட்டைப் போலச் சுற்றிக்கொண்டிருந்தன. அதன் நடுவே நீலப் பிளாஸ்டிக் செருப்பு ஒன்று. "டிசம்பர்," என்றார் அவர். அவ்வளவுதான். பூங்காவை நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஏன் மூடுகிறார்கள் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

நாங்கள் போனது மழை ஓய்ந்த பருவம், ஆகவே பயமில்லை. இருந்தாலும் அம்மாவுக்காக மேட்டு அறையையே எடுத்தோம். பகலில் மேலே போய், உப்பே குலிங்கில் பிள்ளைகளை இறக்கிவிட்டோம். ஆறு பாறை மேல் சறுக்கி ஓடும் இடம் அது. சுழலில் அகப்பட்ட கூழாங்கற்கள் பாறையைக் குடைந்து குடைந்து ஆள் உட்காரும் அளவுக்குத் தொட்டிகளாக்கியிருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தது. அட்டைக் கடி எல்லோருக்கும் சமமாகப் பங்கு. வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருந்தால் மேட்டு அறை, இளவட்டங்கள் மட்டும் என்றால் கோலா ஜாசின் என்பது என் தீர்ப்பு.

எல்லா இடத்திலும் மரத்தைக் காட்டிச் சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள். கோத்தா திங்கி வட்டாரத்தில் ஒருமுறை ஆற்றோர விடுதி ஒன்றில் தங்க நேர்ந்தது. பெயர் வேண்டாம். அறை புதிதாக வர்ணம் பூசிப் பளபளவென்று இருந்தது. கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றப் பிளக்கைத் தேடினால், சுவரில் என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. எல்லாப் பிளக்கும் அதே உயரம். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால், வர்ணம் படாத மூலையில் மண் நிறத்தில் ஒரு கோடு. கேட்டதற்கு, "அது பழைய சுவர் சார்" என்ற பதில்தான் வந்தது. கோத்தா திங்கியில் 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஒரு மாத இடைவெளிக்குள் இரண்டு முறை வெள்ளம் ஏறியதை ஜொகூர்க்காரர்கள் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அங்கே வீடு புதுப்பித்த பலர் பிளக்கை உயர்த்திவிட்டார்கள். அறைக்குள் நுழைந்ததும் நான் மெத்தையை அழுத்திப் பார்ப்பதில்லை, பிளக்கைத்தான் பார்க்கிறேன். வெள்ளம் டிசம்பரில் மட்டும் வரும் என்றும் எண்ண வேண்டாம். 2023இல் மார்ச் மாதத்திலேயே சிகாமட், பத்து பகாட், குளுவாங் பக்கங்களில் பல்லாயிரம் பேர் நிவாரண மையங்களுக்குப் போக வேண்டி வந்தது.

லேடாங் மலையடியில் கதை வேறு. 1,276 மீட்டர் உயரத்து மலை, சாகில் பக்கம் அருவி. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே உச்சியில் பெய்த மழை ஒரே அலையாக இறங்கிவிடும். மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கி இலை தழை மிதந்து வந்தால் துணியைக்கூட எடுக்க நிற்காமல் கரையேற வேண்டும். அங்கே நான் தங்குவது தங்காக் பட்டணத்தில். அருவிக்குக் காரில் போகலாம், மாலையில் துணிக்கடைகளைப் பார்க்கலாம். பெண்களுக்கு அருவியைவிடத் துணிக்கடைதான் பிடித்திருந்தது என்பது என் வீட்டு அனுபவம்.

மெர்சிங்கில் தீவுக்குப் படகு ஏறுகிறவர்களுக்கு ஒரே ஆலோசனை: துறைக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள். ஆற்றுமுகம் ஆழமில்லாதது. கடல் ஏறினால்தான் படகு, அதனால் புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறும். விடியற்காலையில் புறப்படச் சொன்னால் தூரத்து ஓட்டலிலிருந்து ஓடி வர முடியாது. தெசாரு கடற்கரையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. பணம் இருந்தால் அங்கே தவறாகத் தேர்ந்தெடுக்கவே முடியாது.

குக்குப் மட்டும் இந்த மேட்டுக் கணக்கை மீறி நிற்கிறது. அங்கே மேடு என்பதே கிடையாது. மீனவர்கள் கடல் சேற்றில் கால் ஊன்றி, வீடு, கோயில், கடை எல்லாவற்றையும் தூண்கள் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். எதிரே 647 ஹெக்டேர் கண்டல் காடாகக் குக்குப் தீவு. அதுதான் அலையின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. ஊர்க்காரர்கள் பாதுகாப்பாக வாழும் இடம், ஆகவே தாராளமாகத் தங்கலாம். ஆனால் கடல் வடிந்திருக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தால் சன்னலுக்குக் கீழே சேறும் அதன் வாடையும்தான். சனிக்கிழமை இரவென்றால் பக்கத்து வீட்டுக் கரோக்கே நடுச்சாமம் வரை நம் சுவரை அதிரவைக்கும். புரட்டாசியில் போகிறவர்கள் அரிசியும் பருப்பும் கையோடு கொண்டு போவது நல்லது. மீன் இல்லாத சமையலை அங்கே யாருக்கும் விளக்க முடியாது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜொகூரில் 2014 முதல் வெள்ளி, சனி வார விடுமுறையாக இருந்தது. 2025 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறுக்குத் திரும்பியாயிற்று. ஆகவே சிங்கப்பூர்க்காரர்களும் நாமும் இப்போது ஒரே நாளில் ஒரே அறையைத் தேடுகிறோம். முடிந்தால் திங்கள் முதல் வியாழனுக்குள் போய்விடுங்கள், சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை வரும் ஜூன் மாதத்தைத் தவிருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக உண்டு. மச்சான் அதற்காகக் கணக்குப்பிள்ளையிடம் கால் மணி நேரம் வாதாடிவிட்டு, கடைசியில் கட்டினார்.

இனி நீங்கள் பதிவு செய்வதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். செயலியில் படத்தைப் பார்த்துப் பணம் கட்டாமல், விடுதிக்கு நேரே தொலைபேசியில் கூப்பிட்டு, கடைசியாக வெள்ளம் வந்தபோது தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். "வாசல்படி வரைக்கும் வந்துச்சு, உள்ள வரல" என்று சட்டென்று சொல்கிறவரிடம் முன்பணம் கட்டுங்கள். "இங்கெல்லாம் வெள்ளமே வராது சார்" என்கிறவரிடம் வேண்டாம்.