ராஜாவுக்குப் பச்சைக்கறி

எங்கள் ராஜாவுக்குப் பச்சைக்கறி போடலாமா, கூடாதா என்று போன மாதம் முழுக்க வீட்டில் பட்டிமன்றம். ஆரம்பித்து வைத்தவன் பெங்களூரில் இருக்கும் மகன்.

"அப்பா, அது ராஜபாளையம். வேட்டை நாய். அதுக்குப் போய் தயிர்சாதம் பிசைஞ்சு வைக்கிறீங்களே!"

ராஜாவுக்கு ஆறு வயது. கொஞ்ச நாளாகக் காதைப் பிறாண்டிக்கொண்டே இருந்தான். பச்சைக்கறியும் எலும்பும் கொடுத்தால் தோல் வியாதி போகும், பல் சுத்தமாகும் என்பது மகனின் கட்சி. இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் 1993-லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார். டாக்டரே சொன்ன பிறகு நான் யார்? தவிர, 2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தபோது கவுண்டரில் உட்கார்ந்து விற்றவன் நான். தயிர்சாத விஷயம் எனக்கே கொஞ்சம் வெட்கம்தான்.

கறிக்கடை பாயிடம் கேட்டேன். "நாய்க்கா சார்? நுரையீரல், ஜவ்வு, கொஞ்சம் ஈரல் எடுத்து வைக்கிறேன். காசெல்லாம் வேண்டாம்" என்றார். பொட்டலத்தைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். "என் தயிர் பக்கத்துலயா வச்சீங்க?" என்று மனைவி போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று ராஜாவைக் கால்நடை டாக்டரிடம் அழைத்துப்போனேன். காதைப் பார்த்துவிட்டு, "பூஞ்சை. சாப்பாட்டால வந்ததில்ல" என்று சொட்டுமருந்து எழுதினார். பச்சைக்கறி பற்றிக் கேட்டேன். அவர் நாயை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"வீட்ல யார் யார் சார் இருக்கீங்க?"

"நானும் மனைவியும். அவளுக்கு முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட், ஸ்டீராய்டு எல்லாம் ஓடுது."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பச்சைக்கறியில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். நாய் அதைத் தின்று ஒன்றும் ஆகாத மாதிரி திரியும். ஆனால் அதன் எச்சிலிலும் மலத்திலும் சாப்பாட்டுத் தட்டிலும் கிருமி இருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைத்தான் அது கடுமையாகத் தாக்கும். ஃப்ரீசரில் வைத்தாலும் கிருமி செத்துவிடாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விற்பனைக்கு வரும் பச்சைச் செல்லப்பிராணி உணவு 196 மாதிரிகளைச் சோதித்ததில் 15-ல் சால்மொனெல்லா, 32-ல் லிஸ்டீரியா இருந்ததாம்.

"இன்னொண்ணு சார். ஆட்டு நுரையீரல்லயும் ஈரல்லயும் ஒரு நாடாப்புழுவோட நீர்க்கட்டி இருக்கலாம். அதை நாய் பச்சையாத் தின்னா வயித்துல புழு வளரும். முட்டை மலத்துல வரும், ரோமத்துல ஒட்டும். அது நம்ம வயித்துக்குள்ள போனா, நம்ம ஈரல்ல கட்டி வளரும்."

பாய் இலவசமாகக் கொடுத்தது அதே நுரையீரலும் ஈரலும். ராஜா என் கையால் சாப்பிட மாட்டான். மனைவிதான் ஊட்ட வேண்டும். ஊட்டி முடிந்ததும் அவள் முகத்தை ஒருமுறை நக்கினால்தான் அவனுக்குச் சாப்பிட்ட மாதிரி. திரும்பி வரும்போது ஆட்டோவில் எனக்கு இதே நினைப்பு.

மகனிடம் சொன்னேன். ஓநாய் பச்சைக்கறிதானே தின்கிறது என்றான். மாவுச்சத்தைச் செரிக்க வைக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்கு அதிகம் என்று 2013-ல் கண்டுபிடித்திருக்கிறார்களே என்றேன். (இதுவும் டாக்டர் உபயம்.) கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அம்மாவுக்கு இப்ப வலி எப்படி இருக்கு?" என்றான்.

தயிர்சாதத்துக்கும் டாக்டர் முழு மார்க் போடவில்லை. வெறும் சோற்றில் புரதம் போதாதாம். இப்போது எலும்பில்லாத கோழிக்கறியை நன்றாக வேகவைத்து, சோறும் கேரட்டும் சேர்த்துப் பிசைகிறோம். உப்பு, வெங்காயம் கிடையாது. வெந்த எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும் என்பதால் அதுவும் இல்லை. எலும்பு இல்லாததால் கால்சியம் பொடி, அவர் எழுதிக்கொடுத்த அளவில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை. சொட்டுமருந்திலேயே காது இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது.

அந்தப் பொட்டலத்தை நன்றாகக் கொதிக்கவைத்தால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி தன் அடுப்பில் ஏற்ற மறுத்துவிட்டாள். கொல்லைப்புறத்தில் மூன்று கல் வைத்து, தென்னை மட்டையை எரித்து, ஒரு மணி நேரம் புகையில் உட்கார்ந்து நானே வேகவைத்தேன். ராஜா பக்கத்திலேயே காவல் இருந்தான். ஆறவைத்துத் தட்டில் போட்டால், மோந்து பார்த்துவிட்டு, மனைவி இருக்கும் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.