முதுகுக்குப் பின்னால் ஓர் இலக்கு

இலக்கு என்றதும் நமக்கு வில்லாளிதான் நினைவுக்கு வருகிறான். கண்ணெதிரே குறி, கையில் அம்பு. துடுப்புப் படகுப் போட்டிக்கு இந்த உவமை பொருந்தாது. எட்டுப் பேர் படகில் துடுப்பு வலிக்கும் எட்டுப் பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார்கள். முன்னே பார்ப்பவர் சுக்கானைக் கவனிக்கும் காக்ஸ் ஒருவரே. 2000 மீட்டரை ஏறத்தாழ ஆறு நிமிடங்களில் கடக்கும் மற்றவர்களுக்கு, எல்லைக்கோடு கண்ணில் படுவது அதைத் தாண்டிய பிறகுதான். அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் படகோட்டி மாணவர் விளையாட்டு, படிப்பு, சமூக சேவை என்று மூன்று இலக்குகளை எழுதும்போது, தன் விளையாட்டே கற்றுத்தந்த இந்தப் பாடத்தை மறந்துவிடுகிறார். பதக்கம், மதிப்பெண், சேவை மணி என்று தொலைவில் மூன்று கொடிகளை நட்டுவைக்கிறார். இலக்கை அன்றாட வேலையாக எழுதினால்தான் மூன்றும் ஒரே படகில் ஏறும் என்பது என் கட்சி.

முதலில் நேரக்கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56 போகட்டும். ஒரு கிரெடிட்டுக்கு வகுப்பில் ஒரு மணி, வெளியே இரண்டு மணி என்ற வழக்கமான கணக்கில், 15 கிரெடிட்டுக்கு 45. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ போட்டிப் பருவத்தில் பயிற்சிக்கு விதித்திருக்கும் உச்சவரம்பு 20. மிச்சம் 47 மணி நேரம், தாளில் தாராளம்தான். ஆனால் அதே அமைப்பின் கணக்கெடுப்புகளில், முதல் பிரிவு (டிவிஷன் 1) மாணவர்கள் விளையாட்டுக்கு வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பயணமும் காயத்துக்கான சிகிச்சையும் 'விருப்பப் பயிற்சி'யும் வரம்புக் கணக்கில் சேர்வதில்லை. 'தேசியப் போட்டியில் இடம் பிடிப்பேன்' என்ற வாக்கியத்தில் இந்த நெருக்கடி தெரியாது. 'காலைப் பயிற்சி முடிந்து எட்டரைக்கு நூலகம், இரவு பத்துக்குப் படுக்கை' என்ற வாக்கியத்தில் தெரியும். முன்னது எதிராளியின் வேகத்தையும் பயிற்சியாளரின் தேர்வையும் நம்பியிருக்கிறது. பின்னது மாணவர் கையில் இருக்கிறது.

விளையாட்டு தரும் கட்டுப்பாடு தானாகவே படிப்புக்கும் கைகொடுக்குமே என்று கேட்கலாம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் வில்லியம் போவனும் ஜேம்ஸ் ஷுல்மனும் 2001இல் வெளியிட்ட 'தி கேம் ஆஃப் லைஃப்' அப்படிச் சொல்லவில்லை. கடும் போட்டிக்கிடையே மாணவரைச் சேர்க்கும் கல்லூரிகளில், விளையாட்டுக்காகத் தேர்ந்தவர்கள் தங்கள் நுழைவுத் தகுதியை வைத்து எதிர்பார்க்கக்கூடியதைவிடப் படிப்பில் பின்தங்கினார்கள் என்றது அவர்கள் ஆய்வு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற வாஷிங்டன் பல்கலைக்கழகப் படகில் இருந்த ஜோ ரான்ட்ஸ் வேதிப் பொறியியல் படித்து போயிங்கில் பணியாற்றினார். ஆனால் ஒரு ரான்ட்ஸ், வழி உண்டு என்பதற்குச் சாட்சி, அவ்வளவே. கட்டுப்பாடு ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குத் தானாகப் பாயாது. வாய்க்கால் வெட்ட வேண்டும். தரையிலேயே துடுப்பு வலித்துப் பழகும் எந்திரமான எர்கோமீட்டரில் ஒவ்வொரு வலிப்புக்கும் திரையில் வேகம் தெரிகிறது. படிப்பிலோ தளர்ச்சி பருவ முடிவில்தான் தெரிகிறது. வாரந்தோறும் முடித்த கணக்குகளை, எழுதிய பக்கங்களை அதே கண்டிப்புடன் குறித்துவைப்பதுதான் அந்த வாய்க்கால்.

சேவை விஷயத்தில் ஆட்சேபம் இன்னும் கூர்மையானது: இதெல்லாம் சேர்க்கை அலுவலகத்துக்குக் காட்டும் வேடம் என்பார்கள். சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த விளையாட்டில் வெளிக்காட்டல் தொடக்கத்திலேயே உண்டு. 1852இல் ஹார்வர்டும் யேலும் மோதிய படகுப் போட்டி, அமெரிக்காவில் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டி. அதற்குச் செலவு செய்தது விளம்பரம் தேடிய ஒரு ரயில்வே நிறுவனம். 2019இல் அம்பலமான சேர்க்கை மோசடியில், துடுப்பே பிடிக்காத பிள்ளைகளை எர்கோமீட்டரில் உட்காரவைத்துப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். படத்துக்குத் தேவை ஒரு நொடி. சேவைக்கு வேண்டியது வாராவாரம் போய் நிற்பது. வேடத்தையும் வேலையையும் பிரித்துக்காட்டுவது இதுதான். செய்யவேண்டியதும் தொலைவில் இல்லை. ஒரு படகின் விலையே பல்லாயிரம் டாலர் என்பதால் படகோட்டம் வசதி படைத்தவர்களின் விளையாட்டாக இருந்துவந்திருக்கிறது. ஆனால் பிலடெல்ஃபியா சிட்டி ரோயிங் என்ற அமைப்பு அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமின்றிப் படகோட்டக் கற்றுத்தருகிறது. அப்படியொரு படகுத்துறையில், சனிக்கிழமைதோறும் நான்கு பிள்ளைகளுக்கு நீச்சலோ துடுப்போ சொல்லித்தரும் மாணவருக்கு சேவை தனி வேலையாகத் தோன்றாது. தான் வலிக்கும் விதத்தையும் அவர் அங்கே மறுபடி கற்றுக்கொள்வார்.

பெரிய கனவு இல்லாமல் விடியுமுன் யார் எழுந்து குளிர்ந்த ஆற்றுக்குப் போவார்கள் என்ற கேள்வி மிஞ்சுகிறது. நியாயம்தான், யாரும் முன்னே பார்க்காத படகு கரையில் முட்டும். ஒற்றையாள் படகில் போகிறவருக்குக் காக்ஸ் கிடையாது. அவர் சில வலிப்புகளுக்கு ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொள்கிறார். பார்க்காவிட்டால் மோதுவார், பார்த்துக்கொண்டே இருந்தால் படகு ஆடி வேகம் குறையும். மாணவரும் பருவத்துக்கு ஒருமுறை அந்தக் கொடிகளைத் திரும்பிப் பார்க்கட்டும். மற்ற நாட்களில் அவர் கண்ணெதிரே இருக்க வேண்டியது, துடுப்பு நீரில் விட்டுவந்த சுழிகள். இரண்டு பக்கமும் அவை சம இடைவெளியில் விழுந்திருந்தால் படகு நேராகத்தான் போகிறது.