மூலம் தெரியாமலே விடை



பத்தாம் வகுப்பில் "காரணி வரலையே சார்" என்று இருபடிச் சமன்பாட்டைப் பாதியில் விட்டவர்கள் உங்களில் பலர். காரணி வராவிட்டாலும் கணக்கு முடிந்துவிடுவதில்லை. மூலங்களின் கூடுதலும் பெருக்கற்பலனும் கையில் இருந்தால் போதும்.

அரை கிரவுண்டு செவ்வக மனை ஒன்று. விற்பவர் சொல்வது இவ்வளவுதான்: பரப்பு 1200 சதுர அடி, சுற்றளவு 140 அடி. கடைக்கால் தோண்டுமுன் மூலை சரிபார்க்கக் கொத்தனார் குறுக்கே டேப் பிடிப்பார். எத்தனை அடி வர வேண்டும்?

நீளமும் அகலமும்தான் மூலங்கள். கூடுதல் 70, பெருக்கற்பலன் 1200. கூடுதலின் வர்க்கம் 4900. அதில் பெருக்கற்பலனின் இருமடங்கு 2400 போக, மீதி 2500. மூலங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் வருவது அதுதான். பிதாகரஸ் தேற்றப்படி அதன் வர்க்கமூலம் 50 அடி. நீளம் எது, அகலம் எது என்று நாம் தேடவே இல்லை! டேப்பில் 50 வராவிட்டால் கல் வைக்காதீர்கள். கோணிய மூலையைச் சுவர் எழும்பிய பிறகு திருத்த முடியாது.

ஒரு வீட்டுப்பாடம். கூடுதல் 5, பெருக்கற்பலன் 3. முழு எண்ணில் காரணி கிடைக்காது. மூலங்களின் வர்க்கங்களின் கூடுதல் என்ன? கமெண்டில் எழுதுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் முதலில் அதைப் போட விடுங்கள்.