ஒன்பது புடவையும் ஒரு பிடி அவரை விதையும்

லாக்டவுன்ல ஊரே டால்கோனா காபி கலக்கிட்டு இருந்தப்ப எங்க வீட்ல வேற கதை ஓடிச்சு. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்ட பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

2019ல காலேஜ் முடிச்சு சென்னையில பொட்டி தட்டுற வேலையில சேர்ந்தேன். தினமும் செங்கல்பட்டு டூ பீச் மின்சார ரயில். 2020 மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்கு 144 போட்டதும் ஆபீஸ் மொத்தமா மாடி ரூமுக்கு வந்துடுச்சு. வீட்ல அப்பா, அம்மா, அப்புறம் ஆயா, அதாவது அப்பாவோட அம்மா. ஆயா பொறந்தது மாமல்லபுரத்துக்குத் தெக்க, கடலோரத்துல. மீன் வாசனை இல்லாம சோறு உள்ள இறங்காது.

ஏப்ரல் 15ல விசைப்படகுத் தடை வேற ஆரம்பிச்சுது. (அந்த வருஷம் மட்டும் 61 நாளை 47 நாளாக் குறைச்சு மே 31ஓட முடிச்சாங்க.) அதனால வாரத்துல ரெண்டு நாள் நெத்திலிக் கருவாடு. ஆயா கட்டில்ல உக்காந்து சொல்லும், நான் செய்வேன். கருவாட்டைச் சுடுதண்ணியில அலசி, தலையைக் கிள்ளி வெச்சுக்கணும். புளிக்குழம்பு கொதிச்சு, கத்திரிக்கா வெந்தப்புறம்தான் அதைப் போடணும், முதல்லயே போட்டா கரைஞ்சு காணாமப் போயிடும். காதுல ஹெட்செட்ல மேனேஜர், அடுப்புல குழம்பு :-)

மே 5ல கோயம்பேடு மார்க்கெட்டை மூடினாங்க. திருமழிசைக்கு மாத்துற வரைக்கும் இங்கயும் காய் விலை எகிறிடுச்சு. நானும் அப்பாவும் காலி பெயின்ட் வாளியில ஓட்டை போட்டு, மண்ணும் எருவும் தேங்கா நாரும் கலந்து மாடியில தோட்டம் ஆரம்பிச்சோம். சிறுகீரை 25 நாள்ல கைக்கு வந்துச்சு. ஆயாவுக்கு மாடி ஏற முடியாது. கீரைக் கட்டை மடியில வெச்சு முகர்ந்து பாத்து, "எரு பத்தல"ன்னு தீர்ப்பு சொல்லும்.

ஜூன் ரெண்டாவது வாரம், தூக்கத்துலயே ஆயா போயிடுச்சு. கொரோனா எல்லாம் இல்ல, வயசு.

சாவுக்கு 20 பேருக்கு மேல கூடக்கூடாதுன்னு விதி. பெரிய அத்தை பெரம்பூர், தெருவையே தகரம் வெச்சு அடைச்சிருந்தாங்க. சின்ன அத்தை பெங்களூர். சித்தப்பா சிங்கப்பூர். மூணு பேரும் வீடியோ கால்ல பாத்தாங்க. போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான். பெரிய அத்தை திரும்பத் திரும்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "பெத்தவளுக்கு ஒரு கோடிப் புடவை போடக் குடுத்து வெக்கலையே." நெட்வொர்க் விட்டு விட்டு வந்துச்சு. அந்த வரி மட்டும் தெளிவாக் கேட்டுச்சு.

16ஆம் நாளாவது வருவாங்கன்னு பாத்தா, ஜூன் 19ல இருந்து சென்னையோட சேத்து எங்க ஊருக்கும் 12 நாள் முழு ஊரடங்கு. வீட்டு ஆளுங்களோட கருமாதி முடிஞ்சுது.

அதுக்கப்புறம் ஒரு நாள் அம்மா ஆயாவோட ட்ரங்க் பெட்டியைத் திறந்தாங்க. ஒன்பது நூல் புடவை. பழம்புடவையை அடுக்கி மெத்தை தைக்கிறது ஆயாவோட கைவேலை. எங்க வீட்ல எல்லாப் புள்ளைங்களும் படுத்து வளந்தது அதுலதான். "நாலு வீட்டுக்கும் நாலு தைப்போம். அவங்க வந்து போட முடியல, அவங்க புடவை அங்க போகட்டும்"னாங்க. மாமியாருக்கு மருமகள்!

மெஷின் பெல்ட் அறுந்து கிடந்துச்சு, கடையும் இல்ல. அதனால கையாலதான். ஒரு புடவை அஞ்சரை மீட்டர், மூணா வெட்டினா ஒரு மெத்தைக்கு மூணு அடுக்கு. நாலு புடவை உள்ளுக்கு, மிச்ச அஞ்சு மேல வர்ற ஒட்டுத் துண்டுக்கு. ரெண்டு சென்டிமீட்டருக்கு ஒரு வரிசை ஓட்டுத் தையல். நம்ம புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன்: ஒரு மெத்தைக்கு 100 மீட்டர், நாலுக்கு 400! "கணக்கு அப்புறம் பாக்கலாம், நூல் கோத்துக் குடுடா"ன்னாங்க அம்மா. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஆளுக்கு ரெண்டு வரிசை. பத்து நாள்ல எனக்கும் தையல் நேரா வந்துடுச்சு. அப்பா துண்டு வெட்டுவார். அதிகம் பேச மாட்டார், ஆனா ஒரு நாள்கூட வராம இருந்ததில்ல.

ஒரு புடவை முந்தானையில முடிச்சு இருந்துச்சு. அவுத்தா சாம்பல்ல பொரட்டின அவரை விதை, ஒரு பிடி. ஆடிப்பட்டம்னு அப்பா உடனே ஊன்றினார். கொடி பந்தல் பூரா ஏறிச்சு, அஞ்சு மாசம் ஒரு பூ இல்ல. தேடிப் படிச்சப்பதான் புரிஞ்சுது: நாட்டு அவரைக்குப் பகல் பொழுது குறையணும், அப்பதான் பூக்கும். மார்கழியில கொத்துக் கொத்தாப் பூத்துச்சு. நாலாவது மெத்தையும் அதே மாசம்தான் முடிஞ்சுது.

டிசம்பர் 23ல இருந்து புறநகர் ரயில்ல பொதுமக்களையும் நெரிசல் இல்லாத நேரத்துல விட ஆரம்பிச்சாங்க. தை மாசம் பெரிய அத்தை வந்து இறங்கினாங்க. மெத்தையை மடியில விரிச்சு ஒவ்வொரு துண்டாத் தடவிட்டே வந்தவங்க, ஒரு சிவப்புக் கட்டம் கிட்ட நின்னுட்டாங்க. "இது என் கல்யாணத்தன்னிக்கு அம்மா கட்டினது." அப்பதான் அழுதாங்க, ஏழு மாசம் கழிச்சு, அம்மா தோள்ல சாஞ்சு. ரொம்ப நேரம். நாங்க யாரும் தடுக்கல.

அப்புறம் மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, "கருவாடு இருக்கா?"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு அவரைக்கா போட்டு வெச்சேன்.

அந்த விதை இப்ப நாலு வீட்லயும் இருக்கு, சிங்கப்பூர்ல பால்கனித் தொட்டியில. இந்த மெத்தையை வங்காளத்துல காந்தாங்கறாங்க, கர்நாடகாவுல கௌதி, மராத்தியில கோதடி. எங்க வீட்ல வெறும் 'புடவை மெத்தை'தான். உங்க ஊர்ல என்ன பேரு? தெரிஞ்சா சொல்லிட்டுப் போங்க.