நாடகத்து விவாகரத்தும் நம்ம ஊர்ப் பிரிவும்

கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர்கள் பொறுமையாக வாசிக்கவும்.

நமுனுகுல பக்கம் மாலை ஏழு மணிக்கு லயத்து வழியே நடந்தாலும் சரி, கடைத்தெருவில் நடந்தாலும் சரி, வீட்டுக்கு வீடு நாடகச் சத்தம்தான். இப்போது வரும் நாடகங்களில் விவாகரத்து இல்லாத கதை குறைவு. விஜய் டீவியில் 2020இல் தொடங்கிய பாக்கியலட்சுமியைத் தெரியாத பெண்கள் நம் பக்கத்தில் சிலர்தான் இருப்பார்கள். கோபி பொய் சொல்லி மனைவியிடம் விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவான். பிறகு பாக்கியா தன் சமையலையே தொழிலாக்கி நிமிர்ந்து நிற்பாள். அந்த நாடகத்தில் ஒரு நன்மை இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். நாற்பது தாண்டிய ஒரு பெண் தனியாக வாழலாம் என்ற பேச்சு நம் குசினிகளுக்குள்ளும் வந்தது.

ஆனால் நாடகம் பார்த்துச் சட்டம் படித்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். போன வருடம் ஒரு மாணவனின் அப்பா என்னிடம் கேட்டார்: "டீச்சர், ரெண்டு பேரும் சைன் வச்சா முடிஞ்சிரும்தானே? டீவியில அப்படித்தானே காட்டுறாங்க."

டீவியில் காட்டுவது இந்தியச் சட்டம். அங்கே 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில், இருவரும் சம்மதித்துப் பிரியும் வழி 1976இல் சேர்க்கப்பட்டது. அதிலும் காத்திருப்புக் காலம் உண்டு. 1986இல் வந்த மௌன ராகம் படத்தில் அந்தத் தம்பதியை ஒரு வருடம் காத்திருக்கச் சொல்வார்களே, அதுவும் அந்தச் சட்டத்தின்படிதான்.

நம் நாட்டு நிலைமை வேறு. தோட்டத்துத் தமிழ்க் குடும்பம் பொதுச் சட்டத்தில் பதிவு செய்து கட்டியிருந்தால், விவாகரத்துக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கட்டிய பின் வேறு தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு, இவற்றில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். "ரெண்டு பேருக்கும் விருப்பமில்லை" என்பது மட்டும் காரணமாகாது. பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பம் கண்டிச் சட்டத்தில் கட்டியிருந்தால், இருவரும் சம்மதித்து மாவட்டப் பதிவாளர் மூலம் பிரியலாம். எங்கள் முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம், காதி நீதிமன்றம். ஒரே பஸ்ஸில் பதுளைக்குப் போகிற மூன்று பெண்களுக்கு மூன்று சட்டம்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் "தலாக் தலாக் தலாக்" என்று மூன்று தடவை சொன்னால் முடிந்தது என்றுதான் நினைக்கிறார்கள். படங்கள் பார்த்து வந்த நினைப்பு அது. இங்கே கணவன் முதலில் காதியாருக்கு அறிவிக்க வேண்டும். காதியார் இரு பக்கத்து உறவினர், ஊர்ப் பெரியவர்களைக் கொண்டு சேர்த்து வைக்கப் பார்க்க வேண்டும். முப்பது நாள் போன பிறகும் சேராவிட்டால்தான் அடுத்த கட்டம். மனைவி பஸஹ் கேட்டால் காதியாரோடு மூன்று ஜூரிமார் இருந்து விசாரிப்பார்கள், அவள் சாட்சி கொண்டு வர வேண்டும். நாடகத்தில் வக்கீல் மேசையைத் தட்டிப் பேசுவார். காதி நீதிமன்றத்தில் வக்கீல் பேசவே முடியாது, அவளே பேச வேண்டும். அங்கே உட்கார்ந்து கேட்பவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண் காதியாக முடியாது என்பது அந்த 1951 சட்டத்தில் எழுதியிருக்கிறது. இதையெல்லாம் ஆராய 2009இல் ஒரு குழு போட்டார்கள். அறிக்கை வர 2018 ஆகிவிட்டது.

நாடகத்தில் ஒரு கையெழுத்து, பின்னணி இசை, ஒரு வில்லி, அடுத்த வாரம் புது வாழ்க்கை. இங்கே ஒரு தவணைக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும். பஸ் காசு போகும். அவர் வரவில்லை என்று அடுத்த தவணை போடுவார்கள். வில்லியும் இருப்பதில்லை. கடன் இருக்கும், குடி இருக்கும், கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய் மெதுவாக வராமலே விட்ட கணவன் இருப்பான், வெளிநாடு போன மனைவி இருப்பாள். பெரும்பாலும் விவாகரத்தே நடப்பதில்லை. "அவங்க சேர்ந்து இல்லை" என்று ஒரு பேச்சு, அவ்வளவுதான். எத்தனை வருடமானாலும் அந்தப் பெண் சட்டப்படி அவனுடைய மனைவிதான். இன்னொரு திருமணத்தைப் பதிய முடியாது.

நாடகத்தில் பிள்ளைகள் அழுகிற காட்சிக்கு மட்டும் வருவார்கள். எனக்கு அவர்கள் காலை ஏழரைக்கு வருவார்கள். "என் குடும்பம்" என்று கட்டுரை கொடுத்தால் ஒரு பிள்ளை பென்சிலைக் கூராக்கிக்கொண்டே இருக்கும். கூட்டத்துக்கு யார் வருவார் என்று கேட்டால் "பாட்டி" என்று சொல்லிவிட்டுக் கீழே பார்க்கும். அடையாள அட்டை விண்ணப்ப நேரத்தில் பிறப்புச் சான்றிதழ் யாரிடம் என்று தெரியாமல் நிற்கும்.

பிரிவது பாவம் என்று சொல்ல இதை எழுதவில்லை. மார்க்கமே அதற்கு வழி வைத்திருக்கிறது. அடி வாங்கிக்கொண்டு இரு என்று எந்தப் பெண்ணுக்கும் நான் சொல்ல மாட்டேன். பிரிகிறவர்கள் முறையாகப் பிரியுங்கள் என்பதுதான் கேட்பது.

தாய்மார்களுக்கு ஒரு தகவல். பிள்ளைக்குத் தாபரிப்புப் பணம் கேட்க விவாகரத்து எடுத்திருக்கத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். முஸ்லிம் என்றால் காதியாரிடம். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் ஆலோசனை கேளுங்கள். திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இரண்டையும் பிரதி எடுத்துப் பத்திரமாக வையுங்கள்.

அக்கம்பக்கத்தவர்களுக்கு: "அப்பா வந்தாரா, அம்மா யாரோட பேசுறா" என்று அந்தப் பிள்ளையை வழியில் நிறுத்திக் கேட்காதீர்கள். உங்களுக்கு அது அடுத்த எபிசோட். அந்தப் பிள்ளை அடுத்த நாள் பாடசாலைக்கு வராமல் நிற்பதற்கு அது போதும்.