குரல் இல்லாத ரேடியோ

வேலூரைப் பற்றி ஒரு பழைய பரிகாசம் உண்டு: அரசன் இல்லாத கோட்டை, சுவாமி இல்லாத கோயில், நீர் இல்லாத ஆறு. 1981-ஆம் வருஷத்தில் ஜலகண்டேசுவரர் கோட்டைக்குள் மீண்டும் எழுந்தருளி, இவற்றில் ஒரு குறையைத் தீர்த்துவிட்டார். காலியான அந்த இடத்தை நிரப்ப நானும் என்னாலான கைங்கரியத்தைச் செய்தேன். குரல் இல்லாத ரேடியோ ஒன்றை வாங்கி வீட்டில் வைத்தேன்.

நான் கேட்க விரும்பியது சினிமாப் பாட்டு அல்ல. கொழும்பு நகரிலிருந்து வரும் ஒரு மெல்லிய ஒலி. அமெச்சூர் ரேடியோ அன்பர்கள் உலகெங்கும் பதினெட்டு இடங்களில் 'பீக்கன்' என்னும் அடையாள நிலையங்களை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கடலில் செல்பவனுக்குக் கலங்கரை விளக்கம் எப்படியோ, ஆகாயத்தில் செவி வைப்பவனுக்கு இவை அப்படி. எந்தத் திசையில் அலை செல்லுகிறது என்பதை இவற்றைக் கேட்டு அறியலாம்.

பதினெட்டு நிலையங்களுக்கும் 14.100 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலை எண் பொது. ஆனாலும் சண்டை இல்லை. ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி. மூன்று நிமிஷத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். கொழும்பின் '4எஸ்7பி'க்குப் பத்தாவது முறை. அதாவது சுற்றுத் தொடங்கி ஒன்றரை நிமிஷம் ஆனதும் அது தன் பெயரை மார்ஸ் ஒலியில் சொல்லி, நான்கு நீண்ட ஒலிகளை விடும். முதலாவது 100 வாட் சக்தி; அடுத்தது 10; பிறகு 1; கடைசியில் வாட்டில் பத்தில் ஒரு பங்கு!

மூன்று நாள் கடிகாரமும் கையுமாக உட்கார்ந்தேன். இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. "கொழும்பு ஊமையாகிவிட்டது" என்று வீட்டில் தீர்ப்புக் கூறினேன்.

ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் மின்சார வேலை பார்க்கும் என் பழைய மாணவன் அச்சமயம் வந்தான். முறைப்படி பரீட்சை எழுதி அமெச்சூர் லைசென்ஸ் பெற்றவன். தோலைப் புரட்டும் ட்ரம்களின் மோட்டார் இரைச்சலுக்கு நடுவே வசிப்பதால், வார விடுமுறையில் அவை நிற்கும்போது வானத்தைக் கேட்கப் பழகியவன். என் கருவியைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"எண் சரிதான், ஸார். சரியாக இருப்பதால்தான் கேட்கவில்லை."

விஷயம் இதுதான். வந்து சேரும் அலைக்கும் நாம் வைக்கும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசமே இத்தகைய கருவியில் நம் காதில் ஒலியாகிறது. இரண்டும் ஒன்றானால் வித்தியாசம் பூஜ்யம், ஒலியும் பூஜ்யம். அவன் 14.0992-க்குக் குமிழைத் திருப்பினான். 800 ஹெர்ட்ஸ் கீழே!

அனுப்புகிறவனுடைய எண் வேறு, கேட்கிறவன் வைக்கவேண்டிய எண் வேறு என்பதை அன்றுதான் அறிந்தேன். நோபல் பரிசு பெற்ற ஜோசப் டெய்லர் 2008-ல் வெளியிட்ட 'விஸ்பர்' முறையில் இதையும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள். கேட்பவர் எல்லோரும் குமிழை 14.0956-இல் வைக்கவேண்டும்; அனுப்புவோர் 14.0970-க்கும் 14.0972-க்கும் இடையே, இரட்டைப்படை நிமிஷங்களில் ஆரம்பிக்கவேண்டும். சக்தி குறைந்தவனுக்கு இந்த உடன்படிக்கைதான் பலம்.

நம் தேசமும் இதைக் கண்டதுண்டு. 1942-ல் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் நடத்திய ரகசிய காங்கிரஸ் ரேடியோ, தான் இருக்கும் இடத்தை மறைத்தது, அலையை மறைக்கவில்லை. 42.34 மீட்டர் என்று சொல்லியே பேசியது. அலை தெரியாவிட்டால் கேட்பவன் எங்கே காத்திருப்பான்? கணக்கிட்டால் அது சுமார் 7.081 மெகாஹெர்ட்ஸ், இன்று அமெச்சூர் அன்பர்களுக்கு உரிய 40 மீட்டர் வரிசைக்குள் வருகிறது.

ஒன்றரை நிமிஷம் ஆயிற்று. இரைச்சலைக் கிழித்துக்கொண்டு கொழும்பின் பெயர் வந்தது. முதல் ஒலி கணீரென்று, இரண்டாவது தெளிவாக, மூன்றாவது பட்டும் படாமலும்.

"நாலாவது கேட்டதா, ஸார்?"

"இல்லையப்பா."

"எனக்குக் கேட்டது" என்றான் மெதுவாக.

பள்ளியில் அவன் கடைசி பெஞ்சு. 'வாய் திறப்பதில்லை, மந்தம்' என்று அவனுடைய ரிப்போர்ட்டில் எழுதியவன் நான்தான். அவன் பேசாதிருந்தானா, நான் குமிழைத் திருப்பாதிருந்தேனா என்ற கேள்வியை அவன் கேட்கவில்லை. காப்பி குடித்துவிட்டு ஆம்பூர் பஸ்ஸுக்குப் புறப்பட்டான்.

மறு திங்கட்கிழமை வகுப்பில் ஒரு கேள்வி போட்டேன். முன் வரிசையில் வழக்கமான கைகள் உயர்ந்தன. அவற்றைப் பார்க்காமல், கடைசி பெஞ்சை நோக்கியபடி மனத்துக்குள் பத்து வரை எண்ணினேன். பத்து விநாடி எவ்வளவு நீளமானது என்பது, இருபது வருஷம் பாடம் சொன்ன பிறகு, அன்றுதான் எனக்குத் தெரிந்தது.