என் பெயரும் இருந்தது

மின்னிலக்க மருத்துவச் சேவை வழங்கும் எங்கள் சிறிய நிறுவனத்துக்கு மூத்த ‘ஃபுல்-ஸ்டாக்’ பொறியாளர் ஒருவர் தேவைப்பட்டார். திரையில் தெரியும் பொத்தான் முதல் பின்னால் இருக்கும் தரவுத்தளம் வரை அறிந்தவர். செம்பவாங் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து நேர்காணல் நடத்தினேன். எம்ஆர்டி ரயில் கடக்கும்போதெல்லாம் மைக்கை அணைக்க வேண்டியிருந்தது.

எல்லாரிடமும் ஒரே கேள்வி. 2018ல் சிங்ஹெல்த் இணைய ஊடுருவலில் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டனவே, அதிலிருந்து என்ன கற்றீர்கள்?

முதல் இருவர் மென்பொருள் பெயர்களை அடுக்கினார்கள். தவறில்லை. மூன்றாமவர் நாற்பதைக் கடந்த பெண். பிள்ளைகளுக்காக நான்காண்டுகள் வேலையை விட்டிருந்தவர். “நோயாளி விவரத்தை யார் திறந்தார்கள் என்ற பதிவை உங்களிடம் யார் பார்க்கிறார்கள்?” என்று என்னையே கேட்டார்.

யாரும் பார்ப்பதில்லை.

“நான்காண்டு இடைவெளியாச்சே” என்று என் பங்காளி இழுத்தார். எனக்கும் தயக்கம்தான். ஆனால் அந்தக் கேள்வி இரவெல்லாம் குடைந்தது. அவரையே எடுத்தோம்.

முதல் வாரமே பதிவைத் திறந்து காட்டினார். என் பெயர் இருமுறை இருந்தது.

“சோதனைக்குத் திறந்தேன்” என்றேன்.

“அதற்குப் போலித் தரவு போதுமே, சார்.”

அன்றே என் அனுமதியை நீக்கச் சொன்னேன்.